டிஸ்பென்சரிக்குப் போன கார்டுகள்

1

இந்தக் கதை எனக்கு வயிற்றுக்கடுப்பில் கிடைத்தது. கனவில் கிடைத்தது, மழையில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இதுதான்.

1979 ஏப்ரல். லுணுகலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்து கொடுப்பவர் பெயர் இராமையா. தோட்டத்தில் அவர்தான் டாக்டர் ஐயா. வெள்ளைத் தூளைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, ஒரு அட்டையால் வழித்து வழித்து ஆறு பங்காகப் பிரித்தார். அந்த அட்டை ஒரு தபால் கார்டு. வெளிநாட்டு முத்திரை ஒட்டியிருந்தது. மேல்விலாசத்தின் குறுக்கே சிவப்புப் பென்சிலில் 'டிஸ்பென்சரி' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

என் பெயர் ஹுமைத். பதுளைக்காரன். 1970 முதல் பத்து வருடம் லுணுகலைத் தபால் கந்தோரில் கிளாக்காக இருந்தேன். இப்போது 1986, பதுளைக்கே மாற்றலாகி வந்து, கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். கதை எழுதுவேன். வாரப் பத்திரிகைகளில் பதினொன்று வந்திருக்கிறது. படித்தேன் என்று இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை, கதைக்குத் தேவைப்படும். (பொய். அனுதாபத்துக்காகவும்தான்.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கூடையோடு ஒரு பெண்' — இல்லை. அவள் ஒருநாளும் கொழுந்து பறித்ததில்லை. மலையகம் என்றதும் பேனா தானாகக் கூடையை மாட்டிவிடுகிறது.

'எழுபதுகளின் தொடக்கத்தில் உலகெங்கும் மருந்து இரசாயன ஆய்வாளர்களின் கவனம் தாவரங்களின் பக்கம் திரும்பியிருந்த வேளையில்' — பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

'ஜெயலெட்சுமி சனிக்கிழமைகளில் வருவாள்.' இது நிற்கட்டும்.

ஜெயலெட்சுமி சனிக்கிழமைகளில் வருவாள். அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் முருகையாவின் மகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் இரசாயனம் படித்து, அங்கேயே இரண்டு வருடம் தற்காலிக உதவி ஆசிரியையாக இருந்தவள். லயத்துக்குப் பின்னால் ஒரு கொடி படரும். ஆட்கள் அதைக் கசப்புக்கொடி என்பார்கள், காய்ச்சலுக்கு அவித்துக் குடிப்பார்கள். அந்தக் கொடியிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, நான்கு பக்கக் கட்டுரையாக எழுதினாள். 1972 கடைசியில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அது வந்தது. பேராசிரியர் நல்ல மனுஷன். உன் வேலை, உன் பெயர் மட்டும் போட்டால் போதும் என்றாராம். கட்டுரை அச்சேறும்போது அவள் வேலை முடிந்திருந்தது. சஞ்சிகைக்காரர்கள் நிலையான விலாசம் கேட்டார்கள். அவள் தோட்டத்தின் பெயரைக் கொடுத்தாள்.

அந்த நாளில் இதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, குடையை வெளியே சாத்திவிட்டு, ஜன்னலுக்கு வந்து தணிந்த குரலில் பேசும் ஒரு பிள்ளை.

"எனக்கு ஏதும் தபால் இருக்குங்களா?"

"ஒண்டும் இல்ல தங்கச்சி. உங்கட தோட்டத்துத் தபால் எல்லாம் தோட்டத்துப் பையிலதான் போகும்."

"தெரியுங்க. சும்மா கேட்டுப் பாத்தேன்."

ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போவாள். அந்த முத்திரைகளை என்ன செய்தாள் என்று தெரியாது. அவள் எழுதிய கடிதம் எதுவும் எங்கள் பெட்டியில் விழுந்ததாக நினைவில்லை.

3

இனி என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். சுவாரசியம் இல்லாத பகுதி, ஆனால் கொலை இங்கேதான் நடந்தது. (கொலை என்பது பெரிய வார்த்தை. வேறு கிடைத்தால் மாற்றுகிறேன்.)

ஒவ்வொரு தோட்டத்துக்கும் எங்களிடம் நான்கு குவியல்: துரையின் பங்களா, கந்தோர், டிஸ்பென்சரி, லயம். காலையில் பஸ்ஸில் தபால் வந்ததும் பிரித்து, கட்டி, தோட்டத்துப் பையில் போட வேண்டும். பிரிக்கும்போது பெயரைப் பார்ப்பதில்லை. உறையின் முகத்தைப் பார்ப்போம். வெளிநாட்டு முத்திரையா, பங்களா. நீளமான அரசாங்க உறையா, கந்தோர். ஆங்கிலத்தில் மருந்து சம்பந்தமாக ஏதாவது அச்சடித்திருக்கிறதா, எந்த நாட்டு முத்திரையானாலும் மருந்துக் கம்பெனி விளம்பரம், டிஸ்பென்சரி. மிச்சமிருக்கும் தமிழ்க் கையெழுத்தெல்லாம் லயம். அந்தக் குவியலைத்தான் கணக்கப்பிள்ளை காலையில் பெரட்டுக் களத்தில், ஆட்கள் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆயிரம் பேர் வாழும் தோட்டத்தில் லயத்து ஆளுக்கென்று தனி விலாசம் கிடையாது. அதனால் பெயரைப் படிக்கும் வேலையும் எங்களுக்கு இல்லை.

1973 மார்ச்சில் முதல் கார்டு வந்தது. தட்டெழுத்து ஆங்கிலம். நடுவில் இரண்டு சொல் இலத்தீன். மூலையில் ஏதோ மருந்து ஆராய்ச்சிக் கழகத்தின் பெயர். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகியிருக்காது. பிறகு வந்தவற்றையும் அப்படியே செய்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, முறை அதுதான்.*

* இந்த வரியை மூன்று தரம் அடித்து மூன்று தரம் திரும்ப எழுதியிருக்கிறேன். பதின்மூன்று வருடம் கழித்து யாரும் குறை சொல்லாத ஒருவன் ஏன் கதை எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

4

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. வெளிநாட்டுக் கார்டு ஏதும் வந்ததா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே? படித்த பிள்ளை ஏன் கேட்கவில்லை? பாத்திரம் நம்பும்படி இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பக்கூடும்.

இதற்காக அவளுக்கு ஒரு சுபாவம் தைத்துப் பார்த்தேன். கூச்சம், தற்பெருமை, விரக்தி, மூன்றையும் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் ஜன்னலின் இந்தப் பக்கம் இருந்தவனைப் பார்த்தேன். முருகையாவின் மகள் ஒரு சனிக்கிழமை வந்து, எனக்கு அமெரிக்காவிலிருந்து கார்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சிரித்திருப்பேன். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு அவனையும் சிரிக்க வைத்திருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. பாத்திரத்தில் பிழை இல்லை, என்னில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமைகளில் நான் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினேன். அவள் வந்து கேட்பதும் நான் இல்லை என்பதும் அந்த வாரத்தில் எனக்கு நடக்கும் ஒரே பேச்சாக இருந்தது. கார்டு கைக்குக் கிடைத்திருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள் என்று இப்போது சில நேரம் தோன்றுவதுண்டு, அப்படித் தோன்றும்போது என்னை நானே

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

5

1975 செப்டம்பர், கடைசிச் சனிக்கிழமை. வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"இங்க பிரஜாவுரிமை இல்லாதவங்கள அனுப்புறாங்கள்ல, நாங்களும் இந்தியாவுக்குப் போறோங்க. அப்பாவுக்கு, எனக்கு, எல்லாருக்கும் பாஸ்போர்ட் வந்திருச்சு. வர்ற புதன்கிழமை பதுளையில ரயில் ஏறணும்."

"எந்தப் பக்கம்?"

"திருச்சிப் பக்கம்னு சொல்றாங்க. அங்க யாரையும் தெரியாதுங்க."

பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். நான்கு பக்கம், மேலே அவள் பெயர்.

"இது நான் எழுதினதுங்க. பல்கலைக்கழகத்துக்கு அம்பது பிரதி அனுப்பினாங்க, கேக்கிறவங்களுக்குக் குடுக்கச் சொல்லி. பேராசிரியரும் தமிழ்ல கடுதாசி போட்டாரு. வெளிய இருந்து ஒரு பத்துப் பேராச்சும் எழுதிக் கேட்டிருந்தா, அதக் காட்டி எனக்கு ஒரு ஆராய்ச்சி எடம் வாங்கலாம், இங்கயே நிக்கிறதுக்கு வழி பாக்கலாம்னு."

"பிறகு?"

"ஒருத்தரும் கேக்கலைங்கன்னு எழுதிட்டேன். நீங்க ஒண்ணு வச்சுக்குங்க. அம்பதும் அப்படியே பெட்டியில கெடக்கு."

இதன் ஒரு வரைவில் அந்த நிமிஷமே எனக்குப் பொறி தட்டுகிறது. புத்தகத்தின் தலைப்பிலுள்ள இலத்தீன் சொற்களைப் பார்க்கிறேன், மேசையைத் தாண்டி ஓடுகிறேன், தோட்டத்துக்குப் போகிறேன், கார்டுகளை அள்ளி வருகிறேன், ரயில் நகரும்போது ஜன்னலில் நீட்டுகிறேன். நன்றாகவே எழுதியிருந்தேன். பதுளை ஸ்டேஷனின் புகைகூட வந்திருந்தது.

நடந்தது வேறு. "அல்லாஹ் காவல், நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்றேன். புத்தகத்தை இழுப்பறையில் வைத்தேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் முப்பத்தாறு கார்டுகள் என் கை வழியாகப் போயிருந்தன. பத்துப் போதும் என்றிருந்தார் பேராசிரியர்.

6

திரும்பவும் வயிற்றுக்கடுப்பு.

"டாக்டர் ஐயா, அந்த அட்டையக் கொஞ்சம் காட்டுங்க."

"இதுவா? நல்ல தடிப்பு. தூள் ஒட்டாது. தொரைமாரு பொஸ்தக அட்டையெல்லாம் இதுக்கு ஆகாதுங்க."

வாங்கிப் பார்த்தேன். இழுப்பறையில் நாலு வருடம் பார்த்துப் பழகிய அதே இரண்டு இலத்தீன் சொற்கள். 'தங்களுடைய கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பினால் மிகுந்த நன்றியுடையவனாவேன்.' மேல்விலாசத்தில் எம். ஜெயலெட்சுமி என்று தெளிவாக இருந்தது. அதன் மேலேதான் என் சிவப்புக் கோடு போயிருந்தது.

"இன்னும் இருக்கா?"

இராமையா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். என் கையில் இருந்ததையும் சேர்த்து எண்ணினேன். முப்பத்தேழு. சிலவற்றில் மூலை வெட்டியிருந்தது. மருந்துப் போத்தலில் வேளைக்கு இவ்வளவு என்று குறிக்க வெட்டி ஒட்டியிருக்கிறார்.

"பேரைப் பாக்கலியா ஐயா?"

"எனக்கு வர்ற கம்பெனிக் கடுதாசில என் பேரு என்னைக்கு சரியா இருந்திச்சு? பாக்கிறத விட்டுப் பல வருசமாச்சு. யாருங்க அது?"

சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"முருகையா மகளா? அப்பனுக்குக் காய்ச்சல்னா அந்தப் புள்ளதான் மருந்து வாங்க வரும். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் பெஞ்சுலதான் உக்காரும். நான் உள்ள இத வச்சுத்தான் தூள் பிரிச்சுக்கிட்டு இருப்பேன்."

அவரிடம் என் பங்கைச் சொல்லவில்லை. கார்டுகளை வாங்கிக்கொண்டு, மருந்தை மறந்துவிட்டு இறங்கினேன். பாதி வழியில் திரும்பி ஓட வேண்டியிருந்தது. துக்கத்திலும் வயிறு தன் வேலையை விடாது.

7

ஏழு வருடம் இந்தக் கதையை எழுதவில்லை. பேராசிரியருக்கு எழுதிய கடிதம், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. திருச்சிக்கு அவள் பெயரும் முருகையா பெயரும் போட்டு எழுதியதும் திரும்பி வந்தது. தபால்காரனுக்கு இது முன்கூட்டியே தெரியும், ஆனாலும் ஒட்டினேன்.

இந்த வருடம் கீழ் அறைக்கு ஷுக்ரி வந்தார். இளம் வயது, இரசாயன ஆசிரியர். கார்டுகளைக் காட்டினேன். முத்திரை நாட்களைப் பார்த்து ஆண்டுவாரியாக அடுக்கினார். 1973இல் இருபத்தொன்று, அடுத்த வருடம் பன்னிரண்டு, அதற்கடுத்து மூன்று, 1976இல் ஒன்று.

"அந்த நேரம் எல்லாரும் மரம் செடியிலதான் மருந்து தேடினாங்க ஹுமைத் நானா. பிறகு காத்து மாறிட்டுது. ஆய்வுகூடத்திலேயே புதுசாக் கட்டுறதுக்குப் போயிட்டாங்க. இந்தப் பிள்ளைட கட்டுரை சரியான நேரத்திலதான் வந்திருக்கு."

யார் யாருடைய கட்டுரையைத் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டார்கள் என்று வருடம் தவறாமல் தொகுத்துப் போடும் தடித்த புத்தகங்கள் இருக்கின்றனவாம். எத்தனை பேர் குறிப்பிட்டார்களோ, அதுதான் கட்டுரையின் மதிப்பாம். ஷுக்ரி விடுமுறையில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்த் தேடினார். ஒன்பது பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பிரதி எடுத்து வந்தார். அதில் ஒரு அடிக்குறிப்பு: இந்தப் பொருள் மேலும் ஆராயத்தக்கது, மாதிரி கேட்டு எழுதியும் ஆசிரியரிடமிருந்து பதில் இல்லை, எனவே இம்முயற்சி கைவிடப்பட்டது.

"பதில் போடாதவள் என்று அச்சிலேயே போட்டிட்டாங்க" என்றேன். ஷுக்ரி தேத்தண்ணி ஊற்றினார்.

8

முடிவுகள்.

ஒன்று: திருச்சியில் ஒரு கல்லூரியில் அவள் பேராசிரியை. இந்தக் கதையைப் படித்துச் சிரிக்கிறாள். (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நம்பவில்லை.)

இரண்டு: அவள் எங்கோ ஒரு தொழிற்சாலையில் பீடி சுற்றுகிறாள். ஐம்பது பிரதிகளில் நாற்பத்தொன்பதும் பெட்டியில் இருக்கின்றன. (எழுத்தாளனுக்கு வசதியான முடிவு. கண்ணீர் நிச்சயம். இதையும் விட்டேன்.)

மூன்று: எனக்குத் தெரியாது.

மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது, வாசிக்க ஆள் இல்லை என்று ஒரு பெண் நம்பிப் போனாள். முப்பத்தேழு பேர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் நான் இருந்தேன். அவளுக்குப் போட மேல்விலாசம் என்னிடம் இல்லை. பத்திரிகை ஒன்றுதான் விலாசம் இல்லாமலும் போகும். அதனால்தான் இது கதையாக இருக்கிறது, இல்லாவிட்டால் கடிதமாக இருந்திருக்கும்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன், இது பாவனை இல்லை. நீங்கள் கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் இருக்கலாம். ஜெயலெட்சுமி என்று ஒருவர், முருகையாவின் மகள், இப்போது நாற்பதை எட்டியிருப்பார், தணிந்த குரலில் பேசுவார், ஏதாவது ஒரு ஜன்னலில் வந்து நின்று ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், தயவுசெய்து முதலில் பெயரைப் படியுங்கள். பிறகு, நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டரை வருடம் சொல்லத் தவறியதைச் சொல்லுங்கள்:

"இருக்கு தங்கச்சி. முப்பத்தேழு."