நாற்பத்து நான்கு மடக்கு

வரிச்சிக்குடி அஞ்சுகம் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்ட ஜப்பான் தேநீர், உதட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. போன வருடம் ஆவணி இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. அன்று திருமலைராயன்பட்டினத்தில் வஞ்சிரம் கிலோ எண்ணூறு ரூபாய், வெயில் வழக்கம்போல. எலுமிச்சங்காய் அளவில், பாசிப்பச்சை நிறத்தில், அந்த மடக்கு சுஹைனா வீட்டு மாடியறையில் அந்தரத்தில் நின்றது. சுஹைனா அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். "பரவாயில்லம்மா, இன்னொரு தடவ. கிண்ணத்துல வாய வச்சுக் குடிங்க" என்றாள். அஞ்சுகம் மறுபடியும் தூக்கித்தான் குடித்தாள். பக்கத்திலேயே இரண்டாவது மடக்கும் நின்றது.

சுஹைனாவுக்கு இருபத்தெட்டு வயது. கனசாவா நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடம் வேலை பார்த்து, லீவு நாள்களில் தேநீர்க் கலை கற்றுத் திரும்பியவள். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது, செருப்பை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, கிண்ணத்தை எத்தனை முறை சுற்றுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். அஞ்சுகம் வேலைக்குப் போகிறவள் இல்லை. ஐம்பத்தொரு வயது அங்கன்வாடி ஊழியர். அவள் மகன் செம்பியன் அதே கனசாவாவில் யூகா என்ற பெண்ணை விரும்பினான். யூகாவின் அம்மா ஹருமியுடையது தேநீர்க் கலையில் ஊறிய குடும்பம். சம்பந்தம் செய்கிறவர்கள் ஒரே கிண்ணத்தில் கெட்டித் தேநீரை ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துக் கைமாற்றுவது அந்த வீட்டு வழக்கம். தை மாதம் காரைக்காலுக்கு வருவதாக இருந்தார்கள். "ஒரு மடக்கும்மா. அவங்களுக்கு அதான் நிச்சயதார்த்தம் மாதிரி" என்று செம்பியன் போனில் கெஞ்சினான். எதற்கும் கெஞ்சாத பிள்ளை கெஞ்சியதால் அஞ்சுகம் சுஹைனாவைத் தேடி வந்தாள்.

ஒரு மடக்குதான். ஆனால் அஞ்சுகம் பிறந்ததிலிருந்து டம்ளரில் வாய் வைத்ததில்லை. முப்பது பிள்ளைகளிடம் "தூக்கிக் குடி, தூக்கிக் குடி" என்று நாளெல்லாம் சொல்கிற வாய் அது. சுஹைனாவின் அம்மா ஜொஹராவுக்கு இந்தத் தவிப்பு விளங்கவே இல்லை. கல்யாணம் என்றால் நாலு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் அவர்களுடையது. "குடிச்ச எடத்தத் தாளால தொடச்சுட்டுத்தானே குடுக்குறாங்க, பொறவு என்ன?" என்றாள். "தொடச்சா எச்சி போயிடுமாக்கா?" என்று அஞ்சுகம் கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக. கிண்ணத்தைச் சரியாகச் சுற்றுவாள், வணக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, உதட்டருகே வந்ததும் கை தானாக மேலே போய்விடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஐப்பசி மழையில் பதினேழு மடக்கு ஆயிற்று, மார்கழியில் நாற்பத்து மூன்று. சிந்தவும் இல்லை, காயவும் இல்லை. ஜொஹரா அவற்றுக்குக் கீழே குனிந்து பெருக்கினாள். மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் ஒன்றை விரலால் ஒதுக்கிவிட்டு ஏணியில் ஏறினார். பூவத்திலிருந்து வேன் பிடித்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள், இவ்வளவுதானா என்று திரும்பிப் போனார்கள்.

தை பன்னிரண்டாம் தேதி ஹருமி பட்டு கிமோனோவில் வியர்த்தபடி மாடியேறினாள். சுஹைனா தேநீரைக் கடைந்து வைத்தாள். செம்பியன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் மடக்கு ஹருமிக்கு. கிண்ணத்தை எடுத்தாள், இரண்டு முறை சுற்றினாள், பிறகு எந்த ஜப்பானியரும் செய்யாத காரியத்தைச் செய்தாள்: கிண்ணத்தை முகத்துக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, வாயைத் திறந்தாள். செம்பியன் வீட்டில் எப்படிக் குடிப்பார்கள் என்று கேட்டறிந்து, மூன்று மாதமாகச் சமையலறையில் தன் முகத்திலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டு பழகினாளாம். யூகா பிற்பாடு சொன்னாள். தேநீர் மெதுவாக இறங்கியது. ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. ஹருமி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பு அஞ்சுகத்துக்குத் தெரியும். கழுத்து வலிக்கும், சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று காது சூடாகும். நமக்காக இந்த மனுஷி இப்படிப் பாடுபடுகிறாளே என்று அவளுக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. எட்டி, ஹருமியின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். விளிம்பில் உதட்டைப் பதித்துக் குடித்தாள். கசப்பு நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. தாளால் துடைத்து, கிண்ணத்தைத் திரும்ப அவள் கையில் வைத்தாள்.

"குடிங்க சம்மந்தி. ஒண்ணும் ஆவாது."

செம்பியன் அதை ஜப்பானிய மொழியில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹருமி குடித்து முடித்திருந்தாள். அவன் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தான். ஜொஹரா எல்லாருக்கும் சாப்பாடு எடுத்துவைக்கக் கீழே இறங்கினாள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. நாற்பத்து நான்கு மடக்கும் மாடியறையில் இன்னும் இருக்கின்றன. தேநீர் அறைக்குள் குனிந்துதான் வர வேண்டும் என்பது முறை. அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிராததில் சுஹைனாவுக்கு ஒரு வேலை மிச்சம். மின்விசிறிக் காற்றில் அவை இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஹருமியுடையது எது, அஞ்சுகத்துடையது எது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்பதும் இல்லை.