பச்சைக் குடம்

திண்டிவனத்தில் அந்தக் கோடையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போதாவதுதான் வந்தது. ஆள் இல்லாவிட்டாலும் வரிசையில் குடம் நின்றால் இடம் உண்டு. விடியலில் தன் பச்சைக் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன அமலோற்பவமேரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பிறகு எழவே இல்லை.

லாரி வந்ததும், பின்னால் நின்ற ருக்கு அந்தக் குடத்தை ஓரமாகத் தள்ளினாள். "செத்துப்போனவங்களுக்கு எதுக்கு இடம்?"

பக்கத்து வீட்டுப் பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடம் நிக்குதில்ல? அப்ப அவங்களும் நிக்கிறாங்க. கையை எடு."

நிரம்பிய பச்சைக் குடத்தைப் பவுலின் இடுப்பில் ஏற்றிக்கொண்டு சாவு வீட்டுக்கு நடந்தாள். அங்கே உடலைக் குளிப்பாட்டத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

இத்தனை நாளும் பிள்ளைகளுக்குப் போக மிஞ்சியதில் முகம் மட்டும் கழுவிக்கொண்டிருந்த அமலோற்பவமேரி, அன்றுதான் ஒரு முழுக் குடத்தில் குளித்தாள்.