ஐந்தாவது எந்திரம்

கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. ஒரு மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். பன்னிரண்டு வருடமாக அந்த மயிரிழையோடுதான் குடித்தனம். அப்படிப் பழகின கை வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுமா? வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

வினை என்றால் ஊர் பேசுகிற மாதிரி ஒன்றுமில்லை, ஒரு விளையாட்டு. கம்ப்யூட்டரில் பாட்டு ஓடும்; கூடவே ஒரு சின்னச் சதுரம் ஓடும். தாளம் விழும் இடத்தில் மவுஸைத் தட்டினால் சதுரம் குதிக்கும். தப்பினால் முள்ளில் மோதிப் பொடியாகும், மறுபடி முதலிலிருந்து. லெவல் என்று சொல்கிற அந்த ஓட்டப் பாதையை யார் வேண்டுமானாலும் தாங்களே கட்டி உலகத்துக்கு விடலாம். ஒரே நிபந்தனை, கட்டினவர்கள் தரப்பில் ஒருவர் முதலில் அதை ஒரே ஓட்டமாக ஆடி முடித்துக் காட்டவேண்டும். அதுவரை வெளியே போகாது.

ஆறு பேர் சேர்ந்து ஒன்று கட்டினார்கள். ஆளுக்கொரு ஊர், குரல் மட்டும்தான் பழக்கம். காசு போட்டு ஆடுகிற பழைய ஆர்கேட் கூடம் மாதிரி ஆளுக்கொரு எந்திரம் என்று ஏற்பாடு. ஒருவர் கார்ப் பந்தயம் செய்தார், ஒருவர் பொம்மை தூக்கும் கொக்கி. ஐந்தாவது இவளுடைய ‘பின்பால்’ என்கிற பந்தாட்ட மேசை. சதுரம் அங்கே பந்தாக மாறி, விளக்கெரியும் குமிழ்களில் பட்டுப் பட்டுத் தெறிக்கும். பதினைந்து விநாடிதான், மூன்று மாதம் கட்டினாள். வில்லை தேய்த்த கையல்லவா, பிசகுவதற்கு இடமென்று எங்கேயும் விடவில்லை.

ஆடி முடிக்கிற பொறுப்பு அவள் கணவன் தலையில் விழுந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன், விரல் அத்தனை நிதானம்.

"மேடம், மத்தவங்க எல்லாம் மனுஷன் ஆடறதுக்குக் கட்டியிருக்காங்க," என்றான் முதல் நாளே. "நீ கண்ணுல மாட்டறதுக்குக் கட்டியிருக்க. மூச்சு விட்டா செத்தேன்."

"விடாம ஆடுங்க."

"விடாட்டியும் சாவேன்."

சிரித்தார்கள். அது முதல் நாள்.

பதினொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்குள் வெளியிட்டால்தான் விளையாட்டுக்காரர்கள் போடும் அந்த மாதத்து ஆர்கேட் வரிசையில் இடம் கிடைக்கும். மணி நாலு. காரைத் தாண்டுவான், கொக்கியைத் தாண்டுவான், பின்பாலில் போய்ப் பொடியாவான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மூன்றாவது குமிழில் அவன் விரல் துளி முந்துவது அவளுக்குத் தெரிகிறது. ஆடும்போது சொன்னால் ஆட்டம் போச்சு. ஆடுவதற்கு முன்னால் ஒரு தரம் சொல்லியும் பார்த்தாள். அதன்பிறகு பிந்த ஆரம்பித்தான்.

மாமியார் எட்டிப் பார்த்தாள். "இன்னும் அந்தப் பந்து போய்ச் சேரலயா?"

"சேரல அத்தை."

"நீ கட்டினதுதானே? நீயே கொஞ்சம் அகட்டி விடேன்மா."

காலையிலேயே பார்த்தாயிற்று. ஒரு குமிழை நகர்த்தினால் பின்னாலிருக்கும் நாற்பதும் தாளம் தப்புகின்றன. சரிசெய்ய ஒரு வாரமாவது வேண்டும். அத்தையிடம் அதை எப்படிச் சொல்வது? "ஆகாது அத்தை," என்று மட்டும் சொன்னாள்.

நாலரைக்குப் போன் வந்தது. ஆறு பேரையும் சேர்த்து நடத்துகிறவன், கேப்டன் என்று கூப்பிடுவார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சே கால் வரைக்கும் பாப்போம். அப்புறம் உங்க இடத்துல வெறும் தரை போட்டுடறேன். மத்த அஞ்சு பேரும் பாவம் இல்லையா?"

"பாவம்தான்பா," என்றாள். வேறென்ன சொல்வாள்?

ஐந்தே காலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்றாவது குமிழைத் தாண்டினான். பத்து, இருபது, முப்பது. கடைசிக்கு முந்தின குமிழில் பந்து உடைந்தது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கேப்டன் சொன்னபடி பின்பால் இருந்த இடத்தில், குதிக்க ஒன்றுமில்லாத வெறும் தரை போட்டு லெவலை அனுப்பிவிட்டான்.

"நான் இதை ஆட மாட்டேன்," என்றான் கணவன்.

"அஞ்சு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. ஆடுங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்து நின்றாள். சுவர் வழியே பாட்டும் மவுஸின் தட்டலும் கேட்டன. அவளுடைய இடம் வந்தது. பதினைந்து விநாடி, பாட்டு மட்டும். ஒரு தட்டல்கூட இல்லை. பிறகு ஆறாவது எந்திரம் ஆரம்பித்துத் தட்டல் படபடத்தது.

மூன்றாவது ஓட்டத்தில் முடித்தான். ஐந்து நாற்பதுக்கு லெவல் வெளியே போனது.

பார்த்தால், லெவலின் கடைசியில் எரிகிற மதிப்பெண் பலகையில் ஆறு பட்டப்பெயரும் எந்திர வரிசைப்படி இருக்கின்றன. இவளுடையதை எடுக்கவில்லை.

"என் பேரை எடுத்துடுப்பா," என்றாள் கேப்டனிடம் போனில்.

"மூணு மாசம் உழைச்சீங்க அக்கா, இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் லெவலுக்குக் கீழே முதல் கேள்வி வந்தது, யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "எந்திரம் அஞ்சு, பேர் ஆறு. அஞ்சாவது ஆள் என்ன செஞ்சார்?"

கணவன் பதில் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். "என்னன்னு போடட்டும்?"

அவர்கள் யோசிப்பதற்குள் வேறொருவர் பதில் சொல்லிவிட்டார்: "தரை போட்டிருப்பார்." அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். அடியைத் தொடுவதற்குள் இன்னும் பத்து வந்திருந்தன.