பொட்டல மாத்திரை

ஹெப்சிபாவுக்கு முதலில் விரல்கள்தான் வெளுத்தன. ராஜபாளையத்து நூல் மில்லில், அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிடித்து ஒட்டும் வேலை அவளுக்கு. காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி சுண்ணாம்பாய் வெளுக்கும். பிறகு நீலமாகும், சிவக்கும். கொஞ்ச நாளில் தோல் இறுகியது. கையை முழுதாக மடக்க முடியவில்லை. முகத்துச் சுருக்கம் போய் வழவழப்பு வந்தது. என்ன கிரீம் போடுகிறாய் என்று சர்ச்சில் கேட்டார்கள். தோசையைப் பிட்டு வைக்கிற அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குஷ்டம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

புருஷன் செல்வின்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டரம்மா அவள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுக்குத் தோல் வரவில்லை. குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது, இதற்குப் பெயர் ஸ்கிளீரோடெர்மா என்றார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. தோலுக்கடியில் நார் சேர்ந்துகொண்டே போகிறது. நிறுத்த முடியாமல் ஓடுகிற மில் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தோல்தானே என்றான் செல்வின்.

தோல் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. அதே நார் உணவுக்குழாயிலும் நுரையீரலிலும் சேரலாம். சிறுநீரகத்து ரத்தக்குழாய்கள் இறுகினால் பிரஷர் திடீரென்று ஏறும், கிட்னி நின்றுபோகும், ஒன்றுக்கு வராது. அடிக்கடி பிரஷர் பார்க்க வேண்டும். தன்னைக் கேட்காமல் வேறு மாத்திரை எதுவும் கூடாது.

அன்றிலிருந்து ஹெப்சிபா தன் உடம்புக்குள்ளேயே காது வைத்துக் கிடந்தாள். இருமினால் நுரையீரல். சோறு நெஞ்சில் நின்றால் உணவுக்குழாய்.

மில்லில் அவள் கை மெதுவானது. அறுந்த இழைகள் அப்படியே தொங்கின. கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிடுவேன் என்றார் மேஸ்திரி காமராஜ். பக்கத்து மெஷின் ஜெயசித்ரா அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். மூட்டுவலிக்கு மில் வாசல் கடையில் மடித்துத் தருகிற, பெயரில்லாத மாத்திரை. அங்கே எல்லாரும் போடுவதுதான்.

"டாக்டர் வேற மாத்திரை போடக்கூடாதுன்னாவ," என்றாள் ஹெப்சிபா.

"ஏட்டி, இது மாத்திரையா? டீ குடிக்கிற மாதிரி. போட்டுட்டு மெஷினைப் பாரு."

சீக்கிரமே வலி போனது. விரல் மடங்கியது, இழை ஒட்டியது. கன்னத்தில் சதை வைத்தது. நோய் இறங்கிவிட்டது என்று செல்வின் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தான். பிரஷர் பார்க்கிற நினைப்பு இரண்டு பேருக்கும் விட்டுப்போனது.

சில வாரத்தில் தலைவலி வந்தது. மண்டையை உள்ளிருந்து யாரோ முறுக்குகிற மாதிரி. பஸ் போர்டில் ஊர்ப்பெயர் கலங்கித் தெரிந்தது. செல்வின் அவளைத் திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனான்.

டாக்டரம்மா பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தார். அவிழ்த்து மறு கையில் கட்டினார். முகம் மாறியது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் ஹெப்சிபா. அவள் பொய் சொல்லவில்லை.

செல்வின் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இவ பொட்டல மாத்திரை போடுதா. அதுவும் சேத்தியா, டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

அது அநேகமாக ஸ்டீராய்டாக இருக்கும் என்றார். இந்த நோயில் அதுவே கிட்னியை முடக்கிவிடலாம். பிரஷரை இறக்க உடனே ஒரு மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று கேட்டார். ஹெப்சிபாவுக்கு ஞாபகமில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து கக்கூஸுக்கு அனுப்பினாள்.

செல்வின் கதவுக்கு வெளியே நின்றான்.

"ஏட்டி, வருதா?"

"செத்த இருங்க."

உள்ளே குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணிச் சத்தம் கேட்டாலாவது வருமா என்று பார்க்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. வாளி நிரம்பி வழிந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

கதவு திறந்தது. டப்பா காய்ந்திருந்தது.