கதவுக்கு உள்ளே கேட்ட சிரிப்பு

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் உள்ள வலி சிகிச்சைப் பிரிவில், ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி முதன்முறையாக மனநல ஆலோசகரைச் சந்தித்தாள். மெக்கானிக் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

சில வருஷங்களுக்கு முன், வேலை பார்த்த மருந்துக் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவளுக்கு இடுப்பில் தொடங்கிக் கால்வரை வலி. மாத்திரை, ஊசி, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. எலும்பு மருத்துவர்தான் இங்கே அனுப்பினார். வலி போகாது, அதோடு வாழப் பழகலாம் என்றார்.

மூடிய கதவுக்குப் பின்னால் எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று சொல்வதுதான் மெக்கானிக்கின் தொழில். அன்று கேட்ட சத்தத்தை அவனால் நம்ப முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் பொத்திச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. கல்யாணமான புதிதில் சிரித்தது போல.

காரில் ஏறியதும் கேட்டான்.

"என்ன பேசுனீங்க?"

"வலியைப் பத்திதான்."

"அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அங்க இருந்துச்சுங்க" என்று சொல்லி அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு கட்டளையோடு வந்தாள். வீட்டில் யாரும் அவளை 'வலிக்குதா' என்று கேட்கக் கூடாது. தேவைப்பட்டால் அவளே சொல்வாள். மெக்கானிக் தினமும் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி அது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"கண்ணால கேக்குறதும் கேக்குறதுதான்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்திருந்த மச்சினி இதைப் பார்த்துவிட்டாள். "என்ன மாமா, வேலை போன ஆளு மாதிரி நிக்கிறீங்க?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் காலைப் பிடித்துவிட்டது அவன்; சிரிப்பு யாரோ ஒருவருக்கு. செவ்வாய்க்கிழமைகளில் மனைவி நல்ல புடவை உடுத்துவதையும் இப்போது கவனித்தான். அவள் தெருமுனைவரை நடந்துவிட்டு வந்த அன்று, சந்தோஷப்படுவதற்கு முன்னால், இதை அந்த ஆளிடம்தான் முதலில் சொல்வாள் என்று நினைத்தான்.

"அடுத்த வாரம் என்னால கூட்டிட்டுப் போக முடியாது. வேலை இருக்கு" என்றான். வேலை எதுவும் இல்லை. கார் இல்லாவிட்டால் அவள் போவது நின்றுவிடும் என்பது அவன் கணக்கு.

அதோடு விடவில்லை. அந்த ஆள் அப்படி என்னதான் பேசுகிறார் என்று பார்க்க, முட்டிவலி என்று சொல்லித் தன் பெயருக்கு அதே ஆலோசகரிடம் நேரம் கேட்டான். மருத்துவமனை என்றாலே அவள் கைபேசி எண்ணைச் சொல்வது அவன் பழக்கம். வாய் தானாக அதையே சொல்லிவிட்டது. அவன் பெயரும் முட்டிவலியும் போட்டு, நேரத்தை உறுதிசெய்த குறுஞ்செய்தி அவளுக்கு வந்தது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எந்த முட்டிங்க?"

அவன் வலது முட்டியைத் தொட்டான்.

"மாடிப்படியில பறந்து பறந்து ஏறுறீங்க."

அவன் முட்டியிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "எங்கிட்ட வராத சிரிப்பு அந்தாளுகிட்ட மட்டும் எப்படி வருது?" என்றான்.

"வலிக்குதுன்னு சொன்னா உங்க மூஞ்சி தொங்கிடுது. அப்புறம் என் வலியையும் பாத்துக்கணும், உங்களையும் தேத்தணும். அவருக்கு நான் யாரோ. அவர் மூஞ்சி தொங்காது. அதனால சொல்ல முடியுது. சொல்லி முடிச்சா சிரிப்பு வருது."

"நான் என்ன பண்ணுறது அப்போ?"

"தெரியல. அதையும் நானே யோசிக்கணுமா?"

அவன் நேரத்தை ரத்து செய்யவில்லை. ஒரே வீட்டைச் சேர்ந்த இருவரைப் பார்ப்பதில்லை என்று அந்த ஆலோசகர் அவனைப் பக்கத்து அறையில் இருந்த பெண் ஆலோசகரிடம் அனுப்பினார். மனைவி செவ்வாய்க்கிழமைகளில் பஸ்ஸில் தனியாகப் போய் வரத் தொடங்கினாள். வலி குறையவில்லை. ஜூன் மாதம் அவள் கிடங்கு வேலைக்குத் திரும்பினாள், அரை நாள் மட்டும்.