குறுக்குக் காற்றில் அடிபட்ட விதாக்

விதாக் முதல் பீரியடில் தூங்குவான். குறட்டை விடாமல், மரியாதையாகத் தூங்குவான். எங்கள் பள்ளி ஒரு வாரம் காலையில், மறு வாரம் மதியத்தில் நடக்கும். மதிய வாரத்தில் அவன் மனிதன். காலை வாரத்தில் மூட்டை. இயற்பியலில் நான் அவனுக்குப் போட்டிருந்தது ஐந்துக்கு ஒன்று, அதாவது ஃபெயில். ஜூன் மாதப் புதன்கிழமை ஒன்றில் கடைசி வாய்மொழித் தேர்வு, அதுவும் காலை வாரத்தில், முதல் பீரியடில். அதில் குறைந்தது இரண்டு மதிப்பெண் வாங்காவிட்டால் ஆகஸ்டில் மறுதேர்வு. அதுவும் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

அதனால்தான் அவன் அம்மா ரோசாந்தா, எங்கள் ஊரான வால்யெவோவில் பாதியைக் கடந்து என்னைப் பார்க்க வந்தார். கையில் மருத்துவச் சான்றிதழ். எழுதிக் கொடுத்த டாக்டர் அவருடைய ஒன்றுவிட்ட அக்கா.

"காத்துதான் டீச்சர். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல குறுக்கால ஓடுது பாருங்க, அது பிள்ளையோட பிடரியிலயே அடிக்குது. மதியம்னா வெயில் இருக்கு, முழிச்சிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எங்கள் ஊரில் பல்வலி முதல் விவாகரத்து வரை எல்லாவற்றுக்கும் குறுக்குக் காற்றுதான் காரணம். இருபத்தாறு வருஷம் இயற்பியல் நடத்தியும் அந்த நம்பிக்கையை என்னால் ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை. போனை எடுத்து வகுப்புக் குழுவைக் காட்டினேன். அதிகாலை மூன்று இருபதுக்கு விதாக் ஒரு பூனை வீடியோ அனுப்பியிருந்தான். மூன்று நாற்பதுக்கு இன்னொரு பூனை.

"இதுக்கு என்னங்க சொல்றீங்க?"

"பாவம், கழுத்து வலியில தூக்கம் வரல. வேற என்னதான் பண்ணுவான்?"

விஷயம் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனது. மனித உடம்பைப் பாடமாக நடத்துகிற உயிரியல் ஆசிரியரே எழுந்து, போன வருஷம் தன் இடுப்பைப் பிடித்ததும் அதே ஜன்னல்தான் என்றார். ஜன்னல்களை மூடலாமா என்ற ஓட்டெடுப்பில் என் கையைத் தவிர எல்லாக் கைகளும் மேலே. மறுநாள் பியூன் ஜன்னல்களை டேப் போட்டு ஒட்டினார். அதற்குப் பிறகு விதாக் தனியாகத் தூங்கவில்லை. காற்றில்லாத அறையில் மீதி இருபத்தேழு பேரும் அவனுக்குத் துணையாகத் தூங்கினார்கள்.

புதன்கிழமை, கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு கரும்பலகைக்கு வந்தான். இரக்கப்பட்டு முந்தைய வருஷப் பாடத்திலிருந்து கேட்டேன்.

"நியூட்டனோட முதல் விதி என்னடா?"

"ஓய்வுல இருக்கிற பொருள்..."

அதோடு கண் சொருகிவிட்டது. செய்முறை விளக்கம் கச்சிதம், வார்த்தைதான் வரவில்லை. ஒன்று போட்டேன். இத்தனைக்கும் பையன் முட்டாள் இல்லை.

வராந்தாவில் ரோசாந்தா காத்திருந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. விதாக் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"அம்மா, காத்துமில்ல ஒண்ணுமில்ல. நாலு மணி வரைக்கும் போன் பாக்கறேன். வைக்கணும்னுதான் நினைக்கறேன், முடியல. ஆகஸ்ட் பரீட்சை முடியற வரைக்கும் நீயே வெச்சுக்கோயேன்."

போனை நீட்டினான். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத உண்மை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ரோசாந்தா போனை வாங்கவில்லை. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"பாத்தீங்களா டீச்சர்? காத்து தலைக்கு ஏறிடுச்சு. பிள்ளை ஜன்னி கண்டு உளர்றான்."

மஃப்ளரை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினார். போனை அவன் கையிலிருந்து எடுத்து அவன் சட்டைப் பைக்குள்ளேயே போட்டார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டா ராசா. ராத்திரி காய்ச்சல் ஏறினா எழுந்து காத்துல நடந்து வராத. படுக்கையிலேர்ந்தே எனக்கு ஒரு போன் போடு."