கண்ணு ஆடணும்

பதினோரு வருஷமா அரியமங்கலம் பட்டறையில கிரேன் ஓட்டறவ நான், மலர்க்கொடி. மூணு வாரமா என்னை ஸ்டோர்ல உக்கார வெச்சுட்டாங்க. கேபின்ல இருந்து குனிஞ்சு கீழ பார்த்தா தலை கிறுகிறுன்னு சுத்துது. காதுல கோளாறுன்னாலும் இப்படிச் சுத்துமாம்; காதைச் சோதிச்சு, சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் மறுபடி ஏறலாம்னுட்டார் மேனேஜர். வாங்காம விடற ஆளா நான்?

தில்லை நகர் கிளினிக்குக்குக் கிளம்பறப்ப தலைசுத்தல் மாத்திரை ரெண்டை முழுங்கினேன். சோதனைன்னா பாஸ் பண்ணணும்ல!

சோதிக்கிறவங்க ஷரபுன்னிசா மேடம். கேமரா வெச்ச இருட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டாங்க. தலையை வலது பக்கம் திருப்பி, படக்குன்னு மல்லாக்கச் சாய்ச்சாங்க. தலை கட்டிலுக்கு வெளிய தொங்குது.

"காதுல கோளாறு இருந்தா கண்ணு தானாத் துள்ளும். மூடிடாதீங்க."

துள்ளலை. இடது பக்கமும் பார்த்தாங்க, ஒண்ணுமில்ல.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"ஐயோ, இல்லீங்க!"

காது சரியா இருக்குன்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க.

வாசல்ல டோமினிக் வண்டியோட நின்னான். நான் தூக்கற இரும்புக்குச் சங்கிலி மாட்டறவன் அவன். சீட்டைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லு. "அப்பாடா! நாளைக்கே ஏறுங்கக்கா. நீங்க மேல இருந்தா நான் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டேன். அவ்வளவு தைரியம்."

நான் அவன் தலையைப் பார்த்தேன். அடிப்பாவி, இவன் தலைக்கு மேலயா இந்தப் பொய்யைத் தூக்கப் போறேன்?

திரும்பி உள்ள போனேன். "மாத்திரை போட்டேன் மேடம். பொய் சொல்லிட்டேன்."

சீட்டைக் கிழிச்சாங்க. "மாத்திரை கண்ணோட ஆட்டத்தை அமுக்கிடும்மா. ஆடினாத்தானே எந்தக் காதுன்னு எனக்குத் தெரியும்? மாத்திரையை நிறுத்தறதை இங்க டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன். ரெண்டு நாள் மாத்திரை இல்லாம வாங்க."

ரெண்டு நாளும் சுவரைப் பிடிச்சுத்தான் நடந்தேன். மூணாம் நாள் மறுபடி அதே கட்டில். வலது பக்கம் சாய்ச்சதும் ஒரு நிமிஷம்கூட ஆகல, கட்டிலோட என்னைச் சுழட்டி அடிச்சுது. வாந்தி தொண்டை வரைக்கும் வந்துடுச்சு.

"கண்ணை மூடாதீங்க!"

"மூட மாட்டேன், நல்லாப் பாருங்க!"ன்னு கத்தினேன். ஆடட்டும், சனியன் புடிச்ச கண்ணு. இன்னைக்கு ஆடித் தொலைக்கட்டும்.

"வலது காதுதான். உள்ள இடம் மாறிப்போன துகளை இப்படிப் புரட்டியே பழைய இடத்துக்கு அனுப்பிடலாம்." சுத்தல் அடங்கினதும் தலையைக் கொஞ்சம் கொஞ்சமா மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, உக்கார வெச்சாங்க. அரை மணி கழிச்சு மறுபடி சாய்ச்சாங்க, கண்ணு ஆடலை. ஒரு வாரம் விட்டுப் பார்த்தப்பவும் ஆடலை. இந்தத் தடவை சீட்டைக் கையில வாங்கறப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் ஏணியில ஏறி கேபின்ல உக்காந்தேன். நல்லாக் குனிஞ்சு பார்த்தேன். தரை அசையாம கிடந்துச்சு. டோமினிக் சங்கிலியை மாட்டிட்டு, கைகாட்டிட்டு, இரும்புக்குப் பக்கத்துலயே எங்கேயோ பார்த்துக்கிட்டு நின்னான்.

"டேய், மேல பாருடா! தள்ளி நில்லு!"

அவன் தள்ளிப்போய் என்னை அண்ணாந்து பார்த்தப்புறம்தான் தூக்கினேன்.